தானியங்கிக் கியரும் அதன் துலாக்கோலும்

யாழ் வல்லார் ஒருவர் பாடத் தொடங்குமுன் நரம்புகளை முறுக்கியும் நெகிழ்த்தியும் சுருதி கூட்டிக்கொள்வர். நரம்பு அளவு கடந்து முறுகின் அறும். அளவிற் குறைந்து நெகிழின் இசை பிறவாது. மோட்டார் வண்டியின் கியர்ப்பெட்டிக்கும் இத்தகைய சுருதி கூட்டல் உண்டென்று கூறின் நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இலக்கணம் பயில்வார்க்கு எண்ணெய் படிந்த இரும்புப் பெட்டியில் என்ன வேலை என்று வினவுவாரும் உளர். அவர்க்கு விடை கூறுமுகத்தானே இக்கட்டுரையைத் தொடங்குகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராயிட் நகரை அடுத்து வாழும் எம் தாய்மாமன் இல்லத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தோம். அவரிடம் 1969-ஆம் ஆண்டின் செவ்ரோலெ செவல் என்னும் வண்டியொன்று உண்டு. அவர் அந்நாட்டிற் குடியேறிய காலத்தில் முதன்முதல் சேமித்த பொருளைக் கொண்டு வாங்கியது அஃது; ஆதலின் பிள்ளையைப் போல் அதனைப் பேணி வருகின்றார். அவ்வண்டிக்கு நேர்ந்த ஒரு துன்பமும், அதனைத் தீர்த்த முறையும் எமக்குப் பெரியதொரு பாடமாயின. விளக்குப் பிடித்தலும், குறிப்பேட்டில் எண்களை எழுதுதலுமே எமக்கு இடப்பட்ட பணிகள். அக்குறிப்பேட்டை முன்வைத்துக்கொண்டே இதனை எழுதுகின்றோம்.

தானியங்கிக் கியர் எழுந்த வகை

வண்டி அசைவற்று நிற்கும்போது அதனை இழுத்துப் புறப்படச் செய்தற்கு மிக்க முறுக்கு வேண்டும். விரைந்து ஓடுங்கால் முறுக்குச் சிறிதும் வேகம் பெரிதும் வேண்டும். இதன்பொருட்டே முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்னும் படிகள் அமைந்தன. ஓட்டுவோன் காலாற் கிளட்சை மிதித்துக் கையாற் கோலைத் தள்ளிப் படிதோறும் மாற்றுதல் பழைய வழக்கம். அவ்வேலையைப் பெட்டியே செய்துகொள்ளுமாறு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துப் பொறியியலார் அமைத்த ஹைட்ரமாட்டிக் என்னும் கியர்ப்பெட்டி, 1940-ஆம் ஆண்டு மாதிரியான ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் முதலில் வெளிவந்தது. ஏர்ல் தாம்சன் என்பார் அப்பணிக்குத் தலைமை தாங்கியவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரின் சில டாங்கிகளிலும் அதே பெட்டி உழைத்தது.

அதன் வழிவந்தவை பல. 1964-இல் டர்போ ஹைட்ரமாட்டிக் 400 என்னும் மூன்று படிப் பெட்டி வந்தது. அதனினுஞ் சிறிதாகிய 350 என்பது 1969 மாதிரி வண்டிகளில் அறிமுகமாயிற்று. எம் மாமன் வண்டியில் உள்ளது இந்த 350. இதன் முதற் கியரின் விகிதம் 2.52, இரண்டாவதன் விகிதம் 1.52, மூன்றாவது நேர்ப்படி, அஃதாவது 1. முதற் கியரில் எஞ்சின் 2.52 சுற்றுச் சுற்றினாற் பெட்டியின் பின்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும் என்பது இதன் பொருள். இவ்வெண்களைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்னர்க் கணக்கிற்கு வேண்டும்.

பெட்டிக்குள் இருக்கும் துலாக்கோல்

இனி, பெட்டி எவ்வாறு காலமறிந்து கியரை மாற்றுகின்றது? அதனுள் கண்ணுமில்லை, காதுமில்லை. 1969-இற் செய்த அப்பெட்டியுட் கணிப்பொறியும் இல்லை. உள்ளன எல்லாம் எண்ணெயும், எண்ணெயின் அழுத்தமும், வில்கம்பிகளும், விரலினும் சிறிய வால்வுகளுமே.

ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு வால்வு உண்டு. அதனை ஒரு துலாக்கோலாகக் கருதலாம். அதன் ஒரு தட்டில் வேகம் நிற்கின்றது. மற்றொரு தட்டில் உழைப்பு நிற்கின்றது. வண்டியின் வேகம் ஏற ஏற முதல் தட்டில் எண்ணெயின் அழுத்தம் பெருகும். எஞ்சின் உழைக்க உழைக்க மறுதட்டில் அழுத்தம் பெருகும். அத்தட்டுக்குத் துணையாக ஒரு வில்கம்பியும் உண்டு. வேகத்தின் தட்டு எப்பொழுது உழைப்பின் தட்டை வெல்கின்றதோ, அப்பொழுது வால்வு நகரும்; அடுத்த கியரின் கிளட்சிற்கு எண்ணெய் பாயும்; கியர் மாறும்.

இஃது எத்துணை அறிவுடைய ஏற்பாடு என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சமவெளியில் மெல்ல மிதித்துச் செல்லுங்கால் உழைப்புக் குறைவு; ஆதலின் சிறு வேகத்திலேயே கியர் ஏறிவிடும். மேட்டில் ஏறுங்கால் உழைப்பு மிகுதி; ஆதலின் கீழ்க் கியரிலேயே நெடுநேரம் நின்று இழுக்கும். மாட்டு வண்டி ஓட்டுவோன் ஏற்றங் கண்ட இடத்திற் காளைகளை விரட்டாது நடைக்கு விடுவதைப் போல்வது இது. கியர் மாறுந் தருணத்தைச் செப்பஞ்செய்தல் என்பது இவ்விரு தட்டுகளிலும் உள்ள எடையை அறிந்து திருத்துதலேயன்றி வேறன்று.

வேகத்தின் தட்டு

வேகத்தை அளப்பது கவர்னர் என்னும் உறுப்பு. 350 பெட்டியில் இது பின்புறத்தின் இடப்பக்கத்தே, வட்டமான ஒரு மூடியின் கீழ் இருக்கும். ஒரு வளைகம்பியே அம்மூடியை இறுக்கி நிற்கும். பெட்டியைக் கீழிறக்காமலே இதனைக் கழற்றி எடுக்கலாம். பின்தண்டிலுள்ள பல்லால் இது சுழலும். சுழலுங்கால் இதன் எடைத்துண்டுகள், கயிற்றிற் கட்டிச் சுழற்றிய கல்லைப் போல, வெளிநோக்கி விரியும். அவ்விசையே வேகத்தின் அழுத்தத்தை உண்டாக்குகின்றது. எடைத்துண்டு கனமாயின் சிறு வேகத்திலேயே அழுத்தம் மிகும். கியர் முந்தி மாறும். இலேசாயின் அதே அழுத்தத்தைப் பெற வேகம் மிகவேண்டும். கியர் பிந்தி மாறும்.

ஈண்டுக் கருதற்குரியது ஒன்று. சுழலும் பொருளின் வெளிநோக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்காயின் விசை நான்கு மடங்காகும். ஆகவே கவர்னரின் எடையிற் செய்யுஞ் சிறு மாற்றத்தைக் கண்ணளவாற் செய்தல் கூடாது. கணக்கிட்டே செய்தல் வேண்டும்.

உழைப்பின் தட்டு

எஞ்சின் எவ்வளவு உழைக்கின்றது என்பதைப் பெட்டி அறியும் வழி வியப்பானது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயுள், மிதியை அழுத்தாதபோது காற்று வருவதற்கு வழி குறுகியிருத்தலின், வெற்றிடம் மிகுதியாக இருக்கும். மிதியை முழுதும் அழுத்தினால் வழி அகன்று வெற்றிடம் ஏறக்குறைய இல்லையாகும். எனவே வெற்றிடம் குறைதல் உழைப்பு மிகுதலுக்கு அறிகுறி. மாற்றஞ் செய்யாத நல்ல எஞ்சின் நின்ற நிலையில் மெல்ல ஓடுங்கால் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு வெற்றிடத்தைக் காட்டும்.

அவ்வெற்றிடத்தை ஒரு மெல்லிய குழாய் பெட்டியின் வலப்பக்கத்துள்ள மாடுலேட்டர் என்னும் சிறு தகரக் குப்பிக்குக் கொண்டு சேர்க்கின்றது. அதனுள் ஒரு சவ்வும் ஒரு வில்கம்பியும் உள்ளன. வெற்றிடம் சவ்வைப் பின்னே இழுக்கும். வில்கம்பி முன்னே தள்ளும். வெற்றிடம் குறைந்தால் வில்கம்பி வெல்லும்; உழைப்பின் அழுத்தம் உயரும்.

இவ்வழுத்தத்திற்குத் தொழில் இரண்டு என்பதனை மறத்தலாகாது. கியர் மாறுவதைத் தாமதப்படுத்துதல் ஒன்று. பெட்டி முழுவதிலும் உள்ள எண்ணெயழுத்தத்தை உயர்த்திக் கிளட்சுகளை இறுகப் பிடிக்கச் செய்தல் மற்றொன்று. எஞ்சின் மிக உழைக்குங்கால் கிளட்சும் மிக இறுகிப் பிடித்தாலன்றி வழுக்கும்; வழுக்கினால் எரியும். முன்னதைத் திருத்தப் புகுந்து பின்னதைக் கெடுத்தோர் பலர். எம் மாமனும் அவருள் ஒருவர்.

உயர்ந்த நிலப்பகுதிகளில் காற்றின் அழுத்தமே குறைவு. கடல் மட்டத்தில் அது 30 அங்குலத்தை ஒட்டியிருக்க, ஒரு மைல் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் 25 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். அங்கே வெற்றிடமும் அதற்கேற்பக் குறையுமாதலின், காற்றின் அழுத்தத்தைத் தானே உணர்ந்து ஈடுசெய்யும் மாடுலேட்டர்களையும் அந்நிறுவனத்தார் செய்தனர். வெற்றிடத்தை நம்பும் கருவி எத்துணை நுண்ணியது என்பதற்கு இஃதொரு சான்று.

மிதியைத் தரைமட்டும் அழுத்துங்கால் வேலைசெய்ய ஒரு கம்பிவடமும் உண்டு. அது கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும். முழு மிதியில் அது இழுபட்டு, கீழ்க் கியருக்கு இறங்கவும், மேற்கியர் ஏறுவதைத் தாமதிக்கவும் செய்யும்.

கள்ள எடை

இனி எம் மாமன் வண்டிக்கு வருவோம். குளிர்காலத்தில் அவர் தம் 350 கன அங்குல எஞ்சினுக்கு வன்மை மிக்க புதியதொரு கேம்தண்டைப் பூட்டினார். இத்தகைய கேம்தண்டு வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும். ஆதலின் உயர்ந்த வேகத்தில் எஞ்சின் மிக்க ஆற்றல் தரும். ஆயின் மெல்ல ஓடுங்கால் வெற்றிடம் குறையும். முன்பு 18 அங்குலம் காட்டிய எஞ்சின், பின்பு 11 அங்குலமே காட்டியது.

விளைவு யாதெனின், மாமன் கடைத்தெருவுக்கு மெல்லச் செல்லும்போதும் பெட்டி, ‘எஞ்சின் மலையேறுகின்றது’ என்று எண்ணிற்று. கியர் பிந்தி மாறிற்று. மாறும்போதெல்லாம் வண்டி உதைத்தது. இதனைப் பொறாத மாமன் மாடுலேட்டரின் உள்ளே இருக்கும் திருகை இடப்புறமாகப் பல சுற்றுத் திருப்பி வில்கம்பியைத் தளர்த்தினார். உதைத்தல் நின்றது. கியர் பட்டுப்போல் மாறிற்று. அவரும் மகிழ்ந்தார்.

யாம் சென்றடைந்த முதல் வாரத்திலே வண்டியைக் கால் மைல் பந்தயத் தளத்திற்கு இட்டுச் சென்றார். யாம் வேலியருகே நின்றோம். முதல் ஓட்டத்தில் முதற் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில், வண்டி பாயவேண்டிய கணத்தில், எஞ்சின் மட்டும் ஓவென்று கூவிற்று, வண்டி பின்தங்கிற்று. இரண்டாம் ஓட்டத்தில் அக்கூவல் நீண்டது. மூன்றாவது ஓட்டத்தில் இரண்டாம் கியரே இல்லையாயிற்று. எண்ணெய் பார்க்கும் கோலை இழுத்தபோது, செந்நிறமாக இருக்கவேண்டிய எண்ணெய் கருஞ்சிவப்பாகிக் கருகிய மணம் வீசிற்று. மாமன் அக்கோலைத் துணியால் துடைத்து மீண்டும் செருகிவிட்டு, வீடுவரை ஒன்றும் பேசவில்லை.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டாம் கியரின் கிளட்சுத் தட்டுகள் உராய்வுப் பூச்சு உரிந்து கரிந்து கிடந்தன. காரணம் தெளிவு. முழு மிதியில் வெற்றிடம் இல்லையாதலின், அப்போது கிளட்சை இறுக்குவது மாடுலேட்டரின் வில்கம்பியே. அவ்வில்கம்பியைத்தான் மாமன் தளர்த்தியிருந்தார். கடைத்தெருவில் மென்மையாகத் தோன்றியது, பந்தயத் தளத்தில் வலியின்மையாக முடிந்தது.

ஆயினும் கதை அவ்வளவோடு முடியவில்லை. பெட்டியை மீண்டும் பூட்டிய பின்னர், மாமன் இம்முறை வெற்றிட அளவியை எஞ்சினிற் பொருத்தாமல், மாடுலேட்டரில் செருகும் குழாயின் முனையிலே பொருத்தினார். எஞ்சினில் 11 அங்குலம் இருந்த வெற்றிடம், குழாயின் கடைமுனையில் 7 அங்குலமே இருந்தது. குழாயைத் தடவிப் பார்த்தால், எஞ்சினின் வெப்பம் படும் இடத்தில் ரப்பர் மூட்டு நூலளவாக வெடித்திருந்தது. அவ்வெடிப்பு வழியே காற்றுப் புகுந்து, இல்லாத உழைப்பை இருப்பதாகக் காட்டிற்று. அற்ப விலையுள்ள ரப்பர்த் துண்டொன்று பெட்டியையே எரித்துவிட்டது.

மாமன் நெடுநேரம் அத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்து, “மருமகனே, தட்டில் இருந்த கள்ள எடையை எடுக்காமல் துலாக்கோலையே வளைத்துவிட்டேன்” என்றார். எம் குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் இதனையே எழுதி வைத்தோம்.

கணக்கு

அடுத்து அவர் திருத்த விரும்பியது முழு மிதியில் கியர் மாறும் தருணம். புதிய கேம்தண்டுடன் எஞ்சினின் மிகுந்த ஆற்றல் நிமிடத்திற்கு 5,200 சுற்றில் வந்தது. பெட்டியோ முதற் கியரிலிருந்து 4,500 சுற்றை ஒட்டியே மாறிக்கொண்டிருந்தது. மாறியவுடன் எஞ்சின் வேகம் 1.52-க்கு 2.52 என்னும் விகிதத்தில், அஃதாவது ஏறக்குறைய அறுபது விழுக்காடாக, விழும். 4,500-இல் மாறினால் 2,700-க்கு விழும். அங்கே அக்கேம்தண்டிற்கு வலி இல்லை. 5,500-இல் மாறினால் 3,300-க்கே விழும். அங்கே வலி உண்டு. உச்ச ஆற்றலைச் சிறிது கடந்து மாற்றுதல் நன்று என்று கூறுதலின் காரணம் இதுவே.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. வண்டியின் பின்னச்சுப் பல்விகிதத்தை 2.73-இலிருந்து 3.73-ஆக மாற்றினால் கியர் மாறும் எஞ்சின் வேகமும் மாறிவிடும் என்று எண்ணுவர். அது தவறு. கவர்னர் சுழல்வது சக்கரத்தால் அன்று, பெட்டியின் பின்தண்டால். பின்தண்டு நிமிடத்திற்கு 1,800 சுற்றில் மாறுமாறு கவர்னர் அமைந்திருப்பின், எஞ்சின் 1,800-ஐ 2.52 ஆற் பெருக்கிய 4,536 சுற்றிலே மாறும். பின்னச்சு எதுவாயினும் இதில் வேறுபாடு இல்லை. வேறுபடுவது நிலத்தின்மேல் வண்டி செல்லும் வேகமே. 26 அங்குல விட்டமுள்ள டயருடன், 2.73 பின்னச்சில் அம்மாற்றம் மணிக்கு 51 மைலில் நிகழும், 3.73 பின்னச்சில் 37 மைலில் நிகழும்.

இன்னும் வேடிக்கை யாதெனின், வேகமானியும் அப்பின்தண்டிலிருந்தே சுழல்கின்றது. அதன் பல்லை மாற்றாவிடின், வண்டி 37 மைலில் ஓடும்போதும் அது 51 என்றே சாதிக்கும். ஆகவே கியர் மாறுந் தருணத்தை அளப்போர் வேகமானியை நம்பாது, எஞ்சின் சுற்றைக் காட்டும் கருவியையே நம்புதல் வேண்டும். முழு மிதியில் டார்க் கன்வர்ட்டர் சிறிது வழுக்குமாதலின், அக்கருவி மேற்கண்ட கணக்கினும் சில நூறு சுற்று மிகுத்துக் காட்டுதலும் இயல்பு.

இனி, 4,536-ஐ 5,500 ஆக உயர்த்துவதற்கு எடைத்துண்டு எவ்வளவு குறைதல் வேண்டும்? 4,536-ஐ 5,500 ஆல் வகுத்தால் 0.825. விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றோமன்றோ? 0.825-இன் வர்க்கம் 0.68. எனவே எடை முன்னிருந்ததில் 68 விழுக்காடாக, அஃதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக, இருத்தல் வேண்டும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம் பெற எடையில் மூன்றில் ஒரு பங்கு இழக்க வேண்டியிருத்தல் காண்க. இஃது ஒரே எடையுள்ள எளிய கவர்னருக்குக் கூறிய கணக்கு. உண்மைக் கவர்னரிலோ முதலெடை, துணையெடை என இருவகை எடைகளும், அவற்றிடையே சிறு வில்கம்பிகளும் உள. ஆதலின் கணக்குத் திசையைக் காட்டும்; அளவைத் தருவது சோதனையே.

செப்பஞ்செய்யும் முறை

எம் குறிப்பேட்டிற் கண்ட வரிசை வருமாறு. இவ்வரிசையை மாற்றுதல் கூடாதென்பது மாமன் பொருள் இழந்து கற்றது.

முதலாவது, எஞ்சினைச் செம்மைப்படுத்துக. தீப்பொறியின் காலம் பிழைபட்டிருப்பினும் வெற்றிடம் குறையும். அதனைத் திருத்தியபின் எம் வண்டியில் 11 அங்குலம் 13 ஆயிற்று.

இரண்டாவது, வெற்றிடக் குழாயை முனைமுதல் முனைவரை ஆராய்க. மாடுலேட்டரிற் செருகும் முனையிலே அளந்து பார்க்க. குழாயுள் பெட்டியின் எண்ணெய் இருந்தால் சவ்வு கிழிந்தது என்க. எஞ்சின் அவ்வெண்ணெயை உறிஞ்சி வெண்புகை கக்கும்.

மூன்றாவது, பெட்டியின் அழுத்தத்தை அளவி கொண்டு அறிக. பெட்டியின் புறத்தே இதற்கென ஒரு துளையும் அடைப்பும் உண்டு. வெற்றிடக் குழாயைக் கழற்றிவிட்டு அளக்கும்போது கிட்டுவதே முழு மிதியின் அழுத்தம். அது பழுதுபார்க்கும் கையேட்டிற் கண்ட அளவினுங் குறையாதிருக்கும்படி மாடுலேட்டரின் திருகை நிறுத்துக. வலப்புறம் திருப்பின் அழுத்தம் ஏறி, கியர் பிந்தி மாறும். இடப்புறம் திருப்பின் இறங்கி, முந்தி மாறும். மென்மையை நாடி இவ்வெல்லையைக் கடத்தல் ஆகாது. குறைந்த வெற்றிடத்திற்கென அமைந்த மாடுலேட்டரைப் பூட்டியபின் எம் வண்டி மெல்லச் செல்லுங்கால் சிறிது அழுந்தவே மாறிற்று. “இந்த உதை இருக்கட்டும்; இதுதான் பெட்டியின் உயிர்” என்று மாமன் அதனை ஏற்றுக்கொண்டார்.

நான்காவது, கம்பிவடத்தைச் சரிபார்க்க. மிதியைத் தரைமட்டும் அழுத்தும்போது, அது கடைசி வரை இழுபடல் வேண்டும். அது தளர்ந்திருக்கக் கவர்னரைத் திருத்துதல், உடைந்த படிக்கல்லை வைத்து நெல்லை நிறுப்பதை ஒக்கும்.

ஐந்தாவதே கவர்னர். எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் எண்ணெய் நன்கு சூடேறியபின், ஒரே தளத்தில் மும்முறை ஓட்டி, சராசரியைக் குறித்துக்கொள்க. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்று அறிய ஒருவராலும் இயலாது. எம் வண்டி முதலிற் பூட்டிய எடையுடன் 5,900 வரை ஏறப் போயிற்று. மாமன் உடனே மிதியை விட்டுவிட்டார். இரண்டாவது எடையுடன் 5,200, மூன்றாவதனுடன் 5,450. அதனோடு அவர் நிறுத்திக்கொண்டார். வால்வு நகர்ந்தபின்னும் கிளட்சு பிடிக்கச் சிறுபொழுது செல்லும். அதற்குள் எஞ்சின் மேலும் ஏறும். ஆகவே எஞ்சின் தாங்கும் எல்லைவரை கியரைப் பிந்தவிடுதல் அறிவுடைமை அன்று.

முழு மிதிச் சோதனைகளைப் பந்தயத் தளத்திலன்றிப் பொதுச்சாலையிற் செய்தல் தகாது. இரண்டாம் கியர் 5,500 சுற்றில் மாறும்போது இவ்வண்டி மணிக்கு 75 மைல், அஃதாவது 120 கிலோமீட்டர், வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் சுருதியைக் கூட்டப் போய்ப் பிறர் உயிருக்கு ஊறு விளைத்தல் பெரும்பிழை.

இக்காலத்து வண்டிகள்

1982-இல் வந்த 700ஆர்4 என்னும் நான்கு படிப் பெட்டியில் வெற்றிட மாடுலேட்டர் இல்லை. கம்பிவடம் ஒன்றே உழைப்பை அறிவிக்கும். அவ்வடம் தவறாகப் பூட்டப்பட்டால் அழுத்தம் குறைந்து, பெட்டி விரைவில் எரிந்துபோம். அதன் வழிவந்து 1993-இல் வெளியான 4எல்60ஈ என்னும் பெட்டியிற் கணிப்பொறியே கியரை மாற்றுகின்றது. அங்கே எடைத்துண்டும் இல்லை. எண்களைத் திருத்தினாற் போதும். ஆயினும் அக்கணிப்பொறி கேட்கும் வினாக்களும் பழைய இரண்டே: வண்டி எவ்வளவு விரைகின்றது? எஞ்சின் எவ்வளவு உழைக்கின்றது? இவற்றுக்கு வரும் விடை பொய்யாயின், கணிப்பொறியும் தவறாகவே தீர்மானிக்கும். ஆதலின் பழைய பெட்டியைக் கற்றவர்க்குப் புதியதும் விளங்கும்.

முடிவுரை

தமிழ் மாணவராகிய எமக்கு இதனாற் பயன் என்ன என்ற வினாவிற்கு இனி விடை கூறலாம். பிழைபட்ட ஏட்டுப் பாடமொன்றைக் காணும்போது, பொருள் விளங்கவில்லையே என்று சொல்லைத் தம் மனம்போல் திருத்திவிடுவார் உளர். அப்போதைக்கு அடி இனிதாக ஓடும்; ஆயின் நூலின் வலி குன்றிவிடும். முதலில் நாட வேண்டியது பிழை எங்கே புகுந்தது என்பதையே: ஏடெழுதினோன் கையிலா, பூச்சி அரித்த துளையிலா, நம் அறியாமையிலா? மாமன் வெடித்த குழாயைத் தேடாமல் திருகைத் தேடினார். யாமும் பரீட்சைத் தாள்களில் அவ்வாறு செய்ததுண்டு.

யாம் ஊர் திரும்புவதற்கு முந்தின மாலை மாமன் எம்மை அவ்வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைச் சாலையில் மெல்ல ஓட்டினார். முதற் கியர் மாறியது; ஒரு சிறு உதை. இரண்டாவது மாறியது, மற்றுமொரு சிறு உதை. அவர் எம்மைப் பார்த்துப் புன்னகை செய்தார். வெடித்த அந்த ரப்பர்த் துண்டு அவர் வண்டியின் கண்ணாடியில் ஒரு நூலிற் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.